தீமைக்கு யார் பொறுப்பு? நன்மை, தீமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்மை, தீமை பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. நடுநிலையாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தீமைக்கு யார் என்ன விளக்கம் சொன்னாலும், அந்த விளக்கம் யாரைத் தப்பவிடுகிறது, யாரை மாட்டிவிடுகிறது என்று பார்ப்பது என் வழக்கம். கீழே உள்ள பதில்களில் அந்தச் சார்பு தெரியும்.

எல்லாச் சமயங்களும் ஒன்றையேதான் சொல்கின்றன என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதில் ஒற்றுமை மிக அதிகம். ஆக்ஸ்போர்டு மானுடவியலாளர்கள் 60 சமூகங்களைப் பற்றிய பதிவுகளை அலசி, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உறவினருக்கு உதவுவது, தன் கூட்டத்துக்குத் துணை நிற்பது, பெற்ற உதவிக்குக் கைம்மாறு செய்வது, துணிவு, மேலோருக்குப் பணிவு, பங்கை நியாயமாகப் பிரிப்பது, பிறர் பொருளைத் தொடாதிருப்பது ஆகிய ஏழும் ஏறக்குறைய எங்குமே நல்லவையாகக் கருதப்பட்டிருந்தன.

யூத அறிஞர் ஹில்லேலிடம் ஒருவர் வந்து, தான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் யூதரின் வேதமான தோரா முழுவதையும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டாராம். உனக்கு எது வெறுப்பைத் தருமோ அதை அடுத்தவனுக்குச் செய்யாதே, தோரா இவ்வளவுதான், மற்றதெல்லாம் உரை, போய்ப் படி என்று அனுப்பிவைத்தார் ஹில்லேல். சீன ஞானி கன்பூசியஸ் சொன்னதும் ஏறத்தாழ அதுதான். "இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்" என்ற குறளும் அதுதான்.

ஒற்றுமை இரண்டு இடங்களில் உடைகிறது. முதலாவது, அந்த 'அடுத்தவன்' யார் என்பதில். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே பைபிளைத்தான் புரட்டினார்கள். குறளின் 'பிறன்' என்ற சொல்லுக்குள் சேரியில் வாழ்பவரும் அடக்கமா என்று நம் ஊரில் எத்தனை நூற்றாண்டுகள் கேட்காமலே இருந்தோம்! இரண்டாவது, தீமை எங்கிருந்து வருகிறது என்பதில். இந்த இடத்தில் சமயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை.

தீமை என்பது தனியாக இயங்கும் ஒரு சக்தியா?

ஆம் என்று தெளிவாகச் சொன்ன பழைய மரபு ஜரதுஷ்டிரருடையது. பார்சிகளின் சமயம் அது. அகுர மஸ்தா ஒரு பக்கம், அங்கிரா மைன்யு மறுபக்கம். உலகம் அவர்களின் போர்க்களம். மனிதன் நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் ஆகிய மூன்றையும் கொண்டு தன் பக்கத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நோயும் சாவும் பொய்யும் எதிராளியின் வேலை என்பதால் கடவுள் மேல் பழி விழுவதில்லை.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசில் தோன்றிய மானி இதை இன்னும் நீட்டி, ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போராட்டமாகவே உலகத்தை விளக்கினார். அவருடைய சமயம் ரோமாபுரியிலிருந்து சீனா வரை பரவியது. பின்னாளில் கிறித்தவத்தின் பெரும் சிந்தனையாளராக ஆன அகுஸ்தீன், இளமையில் சுமார் ஒன்பது ஆண்டுகள் மானியின் வழியில் இருந்தவர். ஏன் அது பிடித்திருந்தது என்பதை அவரே பின்னர் தன் வாழ்க்கையைப் பற்றிய நூலில் எழுதுகிறார்: பாவம் செய்வது நான் இல்லை, எனக்குள் இருக்கும் வேறு ஏதோ ஒன்று என்று நம்புவது என் செருக்குக்கு இதமாக இருந்தது என்று. சமய வரலாற்றில் இவ்வளவு நேர்மையான வாக்குமூலங்கள் அதிகம் இல்லை.

அதே நூலில் பேரிக்காய்த் திருட்டு ஒன்று வருகிறது. பதினாறு வயதில் நண்பர்களோடு நள்ளிரவில் போய் ஒரு மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளினார்கள். பசியும் இல்லை, அந்தக் காய்கள் சுவையானவையும் இல்லை. அவர் வீட்டிலேயே அவற்றைவிட நல்லவை இருந்தன. பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். தப்பு என்பதற்காகவே செய்த தப்பு! கொலை, கொள்ளையை எல்லாம் விட்டுவிட்டு இந்தச் சில்லறைத் திருட்டைப் பல பக்கங்களுக்கு அவர் கிளறுகிறார். தீமை தனிப்பொருள் அன்று, இருக்கவேண்டிய நன்மை இல்லாமல் போவதே தீமை என்ற முடிவுக்கு அவர் வந்துசேர்ந்தார். தத்துவமாகப் பார்த்தால் அழகுதான். சித்திரவதைக்கு ஆளானவரிடம் போய், உனக்கு நடந்தது ஓர் இன்மை என்று சொல்லிப் பார்த்தால் அதன் எல்லை தெரியும்.

சாத்தானும் அசுரனும் ஒன்றா?

இல்லை. அசுரன் தவம் செய்கிறான், வரம் வாங்குகிறான், சில நேரம் தேவர்களைவிட நன்றாக ஆள்கிறான். மகாபலியைக் கேரளம் ஆண்டுதோறும் கோலமிட்டு வரவேற்கிறது. பிரகலாதன் அசுரன் மகன். இராவணன் சிவபக்தன். வைணவப் புராண மரபில் இன்னும் வேடிக்கை: இரணியனும் இராவணனும் சிசுபாலனும் ஒருவனே, சாபத்தால் மூன்று முறை பிறந்த வைகுண்டத்து வாயிற்காவலன்.

திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது கண்ணால் கண்ட செய்தி. கடற்கரையில் சூரன் யானை முகத்தோடு வருவான், பிறகு சிங்க முகத்தோடு, பிறகு சொந்த முகத்தோடு. கடைசியில் மாமரமாகி நின்றவனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். முருகன் ஒன்றின்மேல் ஏறிக்கொள்கிறான், மற்றதைக் கொடியில் வைத்துக்கொள்கிறான். மயிலில் வரும் முருகனைக் கும்பிடுபவர், சூரனையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்.

சாத்தானுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆனால் அவனும் எல்லா இடத்திலும் ஒரே ஆள் இல்லை. பைபிளின் யோபு நூலில் அவன் கடவுளின் அவையில் வந்து நிற்கும் குற்றஞ்சாட்டுபவன்; அனுமதி வாங்கிக்கொண்டுதான் எதையும் செய்கிறான். குர்ஆனில் இப்லீஸ் என்ற பெயரில் வரும் அவன், முதல் மனிதனான ஆதமுக்குப் பணிய மறுக்கிறான். நான் நெருப்பிலிருந்து வந்தவன், இவன் களிமண் என்பது அவன் வாதம். பிறப்பைக் காட்டி உயர்வு பேசிய அந்தப் பேச்சு நமக்குப் பழக்கமானதுதான். அதே குர்ஆனின் 14-ஆம் அத்தியாயத்தில், தீர்ப்பு முடிந்தபின் சாத்தான் தன்னைப் பின்பற்றியவர்களிடம் சொல்வதாக ஒரு வசனம் வருகிறது: உங்கள்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, அழைத்தேன், வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள். சாத்தான் தூண்டினான் என்று சாக்குச் சொல்பவருக்குச் சாத்தானே பதில் சொல்லும் இடம் இது.

கடவுள் நல்லவர், வல்லவர் என்றால் தீமையை ஏன் விட்டுவைத்தார்?

நம்பிக்கையாளர்களே ஒருவரையொருவர் மடக்கிய கேள்வி இது. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் இஸ்லாமிய இறையியலாளர் அல்-அஷ்அரி தன் ஆசிரியர் அல்-ஜுப்பாயியிடம் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. மூன்று சகோதரர்கள். ஒருவன் நல்லவனாக வாழ்ந்து செத்தான், ஒருவன் தீயவனாக, ஒருவன் சிறு குழந்தையாகவே. மூவர் கதி என்ன? முதல்வனுக்குச் சொர்க்கம், இரண்டாமவனுக்கு நரகம், குழந்தைக்கு இரண்டும் இல்லை என்றார் ஆசிரியர். என்னையும் வாழவிட்டிருந்தால் நானும் சொர்க்கம் சேர்ந்திருப்பேனே என்று குழந்தை கேட்டால்? வளர்ந்தால் நீ கெட்டுப்போவாய் என்று எனக்குத் தெரியும், உன் நன்மைக்காகவே முன்னமே அழைத்துக்கொண்டேன் என்று இறைவன் சொல்வார். அப்படியானால், நரகத்திலிருந்து இரண்டாமவன் எழுந்து, என்னைப் பற்றியும் உமக்குத் தெரியுமே, என்னை ஏன் குழந்தையிலேயே அழைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால்? ஆசிரியரிடம் பதில் இல்லை. மாணவர் வேறு வழி பார்த்துக்கொண்டு போனார். நம் அறிவுக்கு நியாயமாகப் படுவதற்கு இறைவன் கட்டுப்பட்டவர் இல்லை என்பது அவர் வழி. அதுவும் எல்லாரையும் நிறைவு செய்யும் பதில் இல்லை.

மகாபாரதத்தின் வனபருவத்தில் திரௌபதி, படைத்தவன் மனிதர்களை மரப்பாவைபோல் ஆட்டிவைக்கிறான் என்று தருமனிடம் பொங்குகிறாள். இது நாத்திகம் என்கிறான் தருமன். ஆனால் அவள் பேச்சை வெட்டியெறியாமல் நூல் வைத்திருக்கிறது. வள்ளுவர் ஒருபடி மேலே போய்ச் சாபமே இடுகிறார்: "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்." பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால், உலகத்தைப் படைத்தவனும் அதேபோல் அலைந்து கெடட்டும்! இவ்வளவு சூடான குறள்கள் நூலில் அதிகம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பதில் யோபு நூலில் இருக்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடலெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ தப்புச் செய்திருக்கவேண்டும், கடவுள் காரணமில்லாமல் தண்டிக்கமாட்டார் என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதிடுகிறார்கள். கடைசியில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசுகிறார். ஏன் இப்படி நடந்தது என்று அவர் சொல்வதே இல்லை. ஆனால் தன்னைத் தற்காத்துப் பேசிய அந்த நண்பர்கள்மீது கோபப்படுகிறார். என் ஊழியன் யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

மனிதன் செய்வது இருக்கட்டும். நிலநடுக்கம், சுனாமி?

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். காலையில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்கள் நிரம்பியிருந்தன. நிலம் குலுங்கியது, கற்கூரைகள் வழிபட்டவர்கள் மேலேயே விழுந்தன, மெழுகுவத்திகளிலிருந்து தீ பரவியது, பிறகு கடல் ஏறி வந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கடற்கரையில் இருந்த யாத்திரிகர்களையும் கடைக்காரர்களையும் அலை வாரிச் சென்றது. கோயிலுக்குள் பூசையில் இருந்தவர்கள் தப்பினார்கள். அதைப் புதுமை, அதாவது அற்புதம் என்று நெகிழ்ந்தவர்கள் பலர். அந்த நெகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் கோயிலுக்குள் இருந்தவர்கள் செத்தார்கள், இன்னோரிடத்தில் வெளியே இருந்தவர்கள். இதிலிருந்து யாருடைய புண்ணியத்தையும் கணக்கிட முடியாது.

லிஸ்பனில் மலக்ரிதா என்ற இயேசு சபைத் துறவி, இது நகரத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எழுதினார். அமைச்சராக இருந்த பொம்பால் மறுபக்கம் ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் (வட்டாரத்துக்கும்) ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்: அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, பின்னதிர்வுகள் எத்தனை, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள்? நிலநடுக்கவியலின் தொடக்கங்களில் ஒன்றாக இந்தக் கேள்வித்தாளைச் சொல்வார்கள். பொம்பால் நல்லவர் என்று சொல்லவரவில்லை. மலக்ரிதாவை அவர் 1761-இல் திருச்சபையின் சமய விசாரணை மன்றத்தின் வழியாகக் கொல்லவைத்தார். கேள்விகள் மட்டும் நல்ல கேள்விகள்.

முற்பிறவி வினை என்றால், பாதிக்கப்பட்டவரையே குற்றம் சொல்வதாக ஆகாதா?

ஆகும். ஆகிக்கொண்டும் இருக்கிறது. ஊனத்தோடு பிறந்த குழந்தையின் தாயிடம், எந்த ஜென்மத்துப் பாவமோ என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் வினைக் கொள்கை சொன்னவர்கள் எல்லாரும் அதை இப்படி நீட்டவில்லை. சீவகன் என்ற துறவி புத்தரிடம், மனிதன் படும் துன்பம் எல்லாமே முன்வினைதான் என்கிறார்களே, சரியா என்று கேட்கிறார். புத்தர் மறுக்கிறார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குதல், இவற்றுக்குப் பிறகு எட்டாவதாக வினை. எல்லாவற்றையும் வினைமேல் போடுபவர்கள், தாமே அறிந்ததையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் போகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு.

நம்மிடமும் இந்தச் சண்டை ஒரு குறளுக்குள் நடக்கிறது. "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோ டூர்ந்தான் இடை." பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரிந்துவிடும், நூலால் சொல்லவேண்டியதில்லை என்பது பரிமேலழகர் உரை. அவ்விருவருக்கும் இடையே போய் இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்பது பிற்காலத்தார் பலர் கொண்ட பொருள். ஒரே ஏழு சீர். ஓர் உரை பல்லக்கில் இருப்பவனுக்குத் தலையணை வைக்கிறது, மற்றது அவனை இறங்கச் சொல்கிறது. நான் இரண்டாவது பக்கம். ஆனால் 'வேண்டா' என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது என்பதை மறைக்கமுடியாது.

ஆசை, கோபம் எல்லாமே தீமையா?

பௌத்தம் பேராசை, வெறுப்பு, மயக்கம் மூன்றையும் தீவினையின் வேர்கள் என்கிறது. யூத மரபில் ஒரு சுவையான கதை. தீய உந்துதலை ஒருநாள் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத் தேடினால், இஸ்ரேல் நாடு முழுவதும் அன்றைக்கு இட்ட முட்டை ஒன்றுகூட இல்லையாம். கோழிக்கும் ஆசை போய்விட்டது! அந்த உந்துதல் இல்லாவிட்டால் யாரும் வீடு கட்டமாட்டார்கள், மணம் முடிக்கமாட்டார்கள், வணிகமும் செய்யமாட்டார்கள் என்பது அவர்கள் துணிபு.

நோக்கம் முக்கியமா, விளைவு முக்கியமா?

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது நபிமொழி. ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1797-இல் எழுதிய கட்டுரையில், கொல்ல வருகிறவன் உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்றார். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற குறளை வைத்துப் பார்த்தால், வள்ளுவர் கதவைத் திறந்து 'இல்லை' என்று சொல்லியிருப்பார். புரைதீர்ந்த, அதாவது குற்றமற்ற நன்மை என்ற நிபந்தனையை மட்டும் நம் அரசியல்வாதிகள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு அறம் எங்கிருந்து வரும்?

பௌத்தமும் சமணமும் படைப்புக் கடவுள் இல்லாமலே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறம் பேசிவருகின்றன. சீனத்து மென்சியஸ், கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு பதறும், அது பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக இல்லை என்றார். அவருக்குப் பின் வந்த சுன்ட்சு, மனித இயல்பே தீயது, நன்மை பயிற்சியால் வருவது என்று மறுத்தார். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 2007-இல் யேல் பல்கலைக்கழகத்தார், ஆறு மாதக் குழந்தைகள்கூட இடைஞ்சல் செய்யும் பொம்மையைவிட உதவும் பொம்மையையே எடுக்கின்றன என்று காட்டினார்கள். பிறகு பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் செய்த சோதனையில் அந்த விருப்பம் தென்படவில்லை.

சாதாரண மனிதர்கள் எப்படிக் கொடுமை செய்கிறார்கள்?

1942 ஜூலை 13. போலந்தின் யூசெஃபூவ் கிராமத்துக்கு ஒரு ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் பட்டாளம் வந்திறங்கியது. சுமார் 500 பேர், பெரும்பாலும் ஹாம்பர்க் நகரத்து நடுவயதுக் குடும்பஸ்தர்கள். ஊரிலிருந்த யூதப் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுடவேண்டும் என்பது ஆணை. அதைச் சொல்லும்போது தளபதி டிராப்பின் கண்கள் கலங்கியிருந்தன. முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பத்துப் பன்னிரண்டு பேர் முன்வந்தார்கள். அவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை. மற்றவர்கள் அன்று சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள்.

அதே காலத்தில் பிரான்சின் மலைக்கிராமமான லெ ஷாம்போனில் போதகர் ட்ரோக்மேயும் ஊராரும் ஆயிரக்கணக்கான யூதர்களை வீடுகளில் ஒளித்துவைத்தார்கள். அவர்கள் சிறுபான்மைப் புராட்டஸ்டண்டுகள், வேட்டையாடப்பட்ட முன்னோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். யூசெஃபூவில் சுட்டவர்களிலும் ஞானஸ்நானம் பெற்றவர்களே மிகுதி. இருவர் வீட்டிலும் பைபிள் இருந்திருக்கும்.

உண்டியலில் காணிக்கை போட்டால் பாவம் தீருமா?

கோயிலுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள பாக்கி தீரலாம். அடுத்தவனுக்குச் செய்த கெடுதல் தீராது என்பதில் பல மரபுகள் கறாராக இருக்கின்றன. யூதர்களின் பாவ நிவர்த்தி நாளான யோம் கிப்பூர் நோன்பு கடவுளுக்கு எதிரான குற்றத்தைத்தான் போக்கும், மனிதனுக்குச் செய்ததற்கு அந்த மனிதனையே சமாதானப்படுத்தவேண்டும் என்கிறது மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு. தொழுகை, நோன்பு, ஜக்காத் என்ற கட்டாயக் கொடை எல்லாவற்றோடும் வந்து, ஆனால் ஒருவரைத் திட்டி, ஒருவர் பொருளைத் தின்று, ஒருவரை அடித்துவிட்டு வருகிறவனே உண்மையில் திவாலானவன் என்று ஒரு நபிமொழி உண்டு. அவன் நன்மைகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்படும். அவை தீர்ந்தபின் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். பௌத்தக் கதைகளில் வரும் கொள்ளைக்காரன் அங்குலிமாலன் கொலைகளை விட்டுத் துறவியாகி, முழு ஞானமும் பெற்றபின்கூட, பிச்சைக்குப் போன தெருவில் கல்லடி பட்டு மண்டை உடைந்து திரும்புகிறான். பொறுத்துக்கொள், இது உன் வினையின் பயன் என்கிறார் புத்தர். அதைச் செய்தவனிடமே சொல்கிறார் என்பதைக் கவனிக்கவும்.

சமணர்கள் ஆண்டுக்கு ஒருமுறை உறவினர், அண்டை வீட்டார், கடைச் சிப்பந்தி என்று ஒவ்வொருவரிடமும் 'மிச்சாமி துக்கடம்' சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்கள். இப்போது பலர் அதை மொத்தமாக வாட்ஸப்பில் அனுப்பிவிடுவதாக அவர்களே குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.